பெட்டியில் வந்த இங்கிலீஷ் பாடம்

எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20இல் விண்ணேறியதை அன்பர்கள் அறிவீர்கள். அதன் துணையோடு கேரளத்தில் எழுந்த விக்டர்ஸ் கல்வி அலைவரிசையை 2005 ஜூலை 28இல் அப்துல் கலாம் அவர்கள் தொடங்கி வைத்தார். கொரோனாவில் பள்ளிகள் மூடியதும், 2020 ஜூன் 1 முதல் அதில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் வந்தன.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள் உண்டு. என் மளிகைக் கடையில் மூட்டை இறக்குபவரின் மகள் டி.வி.யில் ஆங்கிலப் பாடம் பார்த்துவிட்டு, “தாத்தா, டீச்சர் பேசுற இங்கிலீஷ்கூட கொஞ்சம் வெளங்குதுங்க, நடுவுல சொல்ற மலையாளந்தான் வெளங்கல” என்றாள். கருவி வந்துவிட்டது, விளக்கும் மொழி வரவில்லை!

பிறகு தமிழ்வழிப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்புகள் யூடியூபில் வந்தன. அதற்கு டி.வி. போதாதே, போனும் நெட்டும் வேண்டுமே. இங்கேயாவது டவர் உண்டு; மூணாறு எஸ்டேட் லயங்களில் சிக்னல் பல இடத்தில் குதிரைக்கொம்பு.

மாலையில் கணக்கு முடித்ததும் என் போனை அவளிடம் கொடுப்பேன். ஒரே வாக்கியத்தை மூன்று தரம் ஓடவிடுவாள், நிறுத்துவாள், தானும் சொல்லிப் பார்ப்பாள். வகுப்பில் டீச்சரை இப்படி நிறுத்த முடியுமா? பில் புத்தகத்துக்கு மேல் ஆங்கிலம் அறியாத நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன்.

கூலியில் மூன்று தவணையாகக் கழித்துக்கொள்ளச் சொல்லி, அவள் அப்பா ஒரு பழைய போன் வாங்கினார். என் பாடம் அதோடு நின்றுபோயிற்று.