டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறீர்களா? முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்!

மதுரைப் பக்கம் பல வீடுகளில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று நிற்கும். வைகை அணைத் தண்ணீர் குழாயில் வந்தாலும், பல தெருக்களில் தினமும் வருவதில்லை. வருகிற நாளில் குடம், அண்டா, பக்கெட் என எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் டிரம் பாதி காலியானாலே அப்பத்தாவுக்குப் பதற்றம் வந்துவிடும். பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரை நிரப்பிவிடுவார். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென அடியை நோக்கி ஓடின, கொசுப்புழுக்கள்!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரே போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். நம் ஊர் வெயிலில் 7 முதல் 10 நாள்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதா என்றால், போதாது. காய்ந்துபோன முட்டைகூட பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால்தான் வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

'இருக்கிற தண்ணியைக் கொட்டிட்டு, நாளைக்கு வரலைன்னா?' என்று கேட்டார் அப்பத்தா. நியாயமான கேள்விதான். ஒரே பெரிய டிரம்முக்குப் பதில் இரண்டு சிறிய டிரம்கள் வைத்துக்கொண்டால் இதைச் சமாளிக்கலாம். ஒன்றை முழுதாகத் தீர்த்து, தேய்த்துக் கழுவிய பிறகே அதில் புதுத் தண்ணீர். அதுவரை இன்னொன்று கைகொடுக்கும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டித் துணியை இடைவெளியில்லாமல் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

சுகாதாரப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்தைக் கண்டதும் பலர் தண்ணீரையே கொட்டிவிடுகிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால் குடிநீரிலேயே அதைப் பயன்படுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குளிர்நாடுகளில் கவலையே வேறு. கனடாவில் அவசரத் தேவைக்காக ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிநீராவது வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது அரசு. அதைக் குளிர்காலத்தில் வெளியே வைத்தால் உறைந்து சுமார் 9 சதவிகிதம் விரியும், பாட்டிலே வெடிக்கலாம். நமக்கு அந்தப் பிரச்னை இல்லை, வெயிலும் கொசுவும்தான்!

இப்போது அப்பத்தாவே வெள்ளிக்கிழமைதோறும் டிரம்மைத் தேய்த்துவிடுகிறார். மூடியை மட்டும் இன்னும் நான்தான் மூட வேண்டியிருக்கிறது.