தோளின் பின்பக்கத்தைத் தண்ணீர் கவனிப்பதில்லை

50 மீட்டர் குளத்தில் 5 கிலோமீட்டர் என்றால் நூறு நீளம். ஃப்ரீஸ்டைலில் ஒரு நீளத்துக்கு ஒவ்வொரு கையும் சுமார் இருபது முறை சுழலும் என்று வையுங்கள். ஒரு வேளைப் பயிற்சியில் ஒரு தோளுக்கு 2,000 சுற்று, வாரத்தில் ஆறு நாளென்றால் 12,000. காலை, மாலை இரண்டு வேளையும் குளத்தில் இறங்கும் பிள்ளைக்கு இதுவும் போதாத கணக்கு.

“இவ்வளவு நீந்துறானே, தோள் இரும்பாத்தான் இருக்கும்” என்று வீட்டில் பெருமைப்படுவார்கள். அது பாதிதான் உண்மை. தண்ணீரைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளும்போது கை உள்நோக்கிச் சுழல்கிறது. மார்பின் பெரிய தசையும் முதுகின் அகன்ற தசையும் அப்போது முழு எதிர்ப்பைச் சந்தித்து வேலை செய்கின்றன, அதனால் வலுப்பெறுகின்றன. கை மறுபடி முன்னே வருவதோ காற்றில். அங்கே தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. கையை வெளிநோக்கித் திருப்பும் சிறு தசைகள் தோள்பட்டை எலும்பின் பின்புறம் இருக்கின்றன. அவற்றுக்கு அதே அளவு சுமை எப்போதும் கிடைப்பதில்லை.

போர்ச்சுகல் ஆய்வாளர் நூனோ பட்டாலியாவின் குழு இளம் நீச்சல் வீரர்களின் தோள் வலிமையைப் போட்டிப் பருவம் நெடுகிலும் கருவியால் அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டது. உள்நோக்கிச் சுழற்றும் வலிமை கூடிக்கொண்டே போனது. வெளிநோக்கிய வலிமை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பின்பக்க வலிமை, முன்பக்க வலிமையில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. பருவம் முடியும்போது அந்த விகிதம் சரிந்திருந்தது.

சரிந்தால் என்ன? தோள் மூட்டின் குழி ஆழமற்றது. கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் நடுவில் பிடித்து வைப்பதே இந்தச் சிறு தசைகளின் வேலை. பிடி தளர்ந்தால் மேலே ஓடும் தசைநாண் உரசப்பட்டு வலிக்கும். கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற மருத்துவர்கள் 1974-லேயே இந்த வலிக்கு ‘நீச்சல் வீரர் தோள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி வீரர்களிடம் விசாரித்து 2010-இல் வெளியான ஆய்வில், 91 சதவீதம் பேர் தோள்வலி இருப்பதாகச் சொன்னார்கள். வாரம் 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களுக்குத் தசைநாண் கெடும் வாய்ப்பு மற்றவர்களைப் போல நான்கு மடங்கு.

கிலோமீட்டரை மட்டும் எண்ணும் பயிற்சிமுறை எனக்கு உடன்பாடில்லை. “வலிச்சாத்தான் வளரும்” என்ற வசனம் பதின்மூன்று வயது எலும்புக்குப் பொருந்தாது. அதன் வளர்முனைகள் இன்னும் மூடியிருக்காது. கைக்குப் ‘பேடில்’ என்ற துடுப்புத் தட்டை மாட்டினால் சுமை மேலும் ஏறும். இன்னொரு வேடிக்கை: தோள் வலிக்கிறது என்றதும் கிக்போர்டைக் கொடுத்து “காலை மட்டும் அடி” என்பார்கள். கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பலகையைப் பிடிப்பதே வலிக்கும் தோளுக்கு மோசமான நிலை! மல்லாந்து, கைகளை உடலோடு ஒட்டிவைத்துக் காலடித்தால் போதும்.

மருந்து குளத்துக்கு வெளியே இருக்கிறது, செலவும் அதிகமில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்குச் சேர்க்கும் இழுப்பு, சுவரில் தண்டால். அதே போர்ச்சுகல் குழு இத்தகைய தரைப் பயிற்சியை 16 வாரம் கொடுத்துப் பார்த்தது. தசைச் சமநிலை மேம்பட்டது. பயிற்சியை நிறுத்தியதும் பலன் குறைந்தது. ஆகவே வலி வந்தபின் பிசியோதெரபிஸ்ட் சொல்லி ஒரு மாதம் செய்துவிட்டு மறப்பதல்ல இது. நீந்தும் காலமெல்லாம் தொடர வேண்டியது.

பெற்றோரே, அடுத்த முறை பயிற்சியாளரைப் பார்க்கும்போது, “இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் சார்?” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தோளின் பின்பக்கத்துக்கு வாரம் எத்தனை நாள் தரைப் பயிற்சி என்றும் கேளுங்கள்.