சுருக்கெழுத்தில் மெய்யொலிகள்

முன்னுரை

பேசுவோர் நாவின் விரைவுக்கு எழுதுவோர் கை ஈடுகொடுத்தல் அரிது. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை நிரப்ப எழுந்த கலையே சுருக்கெழுத்து. அவற்றுள் உலகெங்கும் பரவி, நம் நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் இன்றும் கற்பிக்கப்படுவது பிட்மன் முறையாகும். இங்கிலாந்து நாட்டின் டிரோபிரிட்ஜ் நகரில் 1813ஆம் ஆண்டு பிறந்தவரும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவருமான ஐசக் பிட்மன், 1837ஆம் ஆண்டு இம்முறையை நூலாக வெளியிட்டார். இதனைக் கற்கப் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்வன மெய்யொலிகள். அவற்றைச் செவ்வனே பயின்றவர் மேற்செல்வர். ஏனையோர் இடைவழியில் நின்றுவிடுவர். ஆதலின் அம்மெய்யொலிகளின் இயல்பை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தன்று, ஒலி

சுருக்கெழுத்தின் முதல் விதி, காதில் விழுந்ததை எழுதுக என்பதே. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து எழுத்துகள் உள்ளன. முதலில் நிற்கும் ‘கே’ ஒலிப்பதில்லை. இறுதியில் நிற்கும் ‘இ’யும் ஒலிப்பதில்லை. சுருக்கெழுத்தர் இவ்விரண்டையும் விடுத்து, ‘ந்’, ‘ஃப்’ என்னும் ஈரொலிகளுக்குரிய கோடுகளை மட்டும் வரைந்து, இடையில் உள்ள உயிரொலிக்கு ஒரு குறியிடுவார். எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்து வளர்ந்த மாணவருக்கு இப்பழக்கத்தைக் கைவிடுதலே முதல் தடையாக அமைகிறது.

பிறப்பிட முறை

பிட்மன் முறையில் மெய்யொலிகள் இருபத்து நான்கு. அவற்றுள் முதல் எட்டும் நேர்கோடுகள். இவை ‘ப்–ப்’, ‘ட்–ட்’, ‘ச்–ஜ்’, ‘க்–க்’ என நான்கு இணைகளாக நிற்கும். ஒவ்வோர் இணையிலும் முன்னது வல்லோசை, பின்னது அதன் அதிரொலி. இதழில் பிறக்கும் ஒலி இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் கோடு. நுனிநாவில் பிறப்பது செங்குத்துக் கோடு. இடைநாவில் பிறப்பது வலமிருந்து இடமாகச் சாய்ந்து இறங்கும் கோடு. அடிநாவில் பிறப்பது கிடைக்கோடு. ஒலியின் பிறப்பிடம் இதழிலிருந்து உள்நோக்கிச் செல்லச் செல்ல, கோட்டின் சாய்வும் கடிகார முள்போல் படிப்படியாகத் திரும்புவதைக் காணலாம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. தொல்காப்பியம் பிறப்பியலில் மெய்களை அவை பிறக்கும் இடத்தால் வகுத்துக் காட்டுகிறது. நம் நெடுங்கணக்கு அடிநாவில் பிறக்கும் ககரத்தில் தொடங்கி இதழில் பிறக்கும் பகரத்திற்கு வருகிறது. பிட்மன் வரிசையோ இதழில் தொடங்கி உள்ளே செல்கிறது. திசை வேறாயினும் அடிப்படை ஒன்றே.

எஞ்சியவற்றுள் உரசொலிகள் எட்டும் மூக்கொலிகள் மூன்றும் வளைகோடுகளாக அமையும். லகர, ரகர ஒலிகளும், வகர, யகர, ஹகர ஒலிகளும் இறுதியில் வரும்.

மென்கோடும் தடிகோடும்

ஓர் இணையைச் சேர்ந்த ஈரொலிகளும் ஒரே சாய்வுடைய கோடுகளே. வல்லோசைக்கு மெல்லிய கோடு; அதிரொலிக்குத் தடித்த கோடு. தமிழ்வழி பயின்ற மாணவர் பெரிதும் இடர்ப்படும் இடம் இதுவே. தமிழில் ‘பம்பரம்’ என்னும் சொல்லின் இரு பகரங்களும் வெவ்வேறாக ஒலிப்பினும், எழுத்து ஒன்றே. ஒலி வேறுபாட்டை இடமே காட்டிவிடுவதால் தனி வடிவம் தமிழுக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’ வேறு, விலைச்சீட்டைக் குறிக்கும் ‘பில்’ வேறு. வழக்குமன்றத்தில் ஒரு சாட்சி, தாம் கொடுத்தது இன்னதென்று கூறும்போது, எழுதுவோர் கோட்டின் தடிப்பில் தவறினால் மாத்திரை விலைச்சீட்டாகிவிடும். வழக்கின் போக்கே மாறவும் கூடும். பிறர் வாய்மொழியைத் திரியாது காப்பது சுருக்கெழுத்தரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலம் என்பதை மாணவர் முதல் நாளிலேயே உணர்தல் வேண்டும்.

மெய்யும் உயிரும்

தமிழர் இவ்வொலிகளுக்கு மெய் என்றும் உயிர் என்றும் பெயரிட்டனர். சுருக்கெழுத்தில் முதலில் மெய்யாகிய உடல் வரையப்படுகிறது. ஒரு சொல்லின் மெய்கள் அனைத்தும் கை எடுக்காமல் தொடர்ந்து எழுதப்பட்ட பின்னரே, உயிரொலிகள் புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் அருகில் இடப்படுகின்றன. அரபு எழுத்தில் ஜபர், ஜேர், பேஷ் என்னும் குறிகளை மேலும் கீழும் இட்டுப் பயின்ற மாணவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். பழகியவர் அங்குக் குறிகளின்றியே படிப்பதுபோல, இங்கும் விரைவு கூடும்போது உயிர்க்குறிகள் விடப்படுகின்றன. அப்போது துணைநிற்பது, சொல் எழுதப்படும் இடம். மெல்லத் தட்டுதலைக் குறிக்கும் ‘பேட்’ வரிக்கு மேலும், வளர்ப்பு விலங்கைக் குறிக்கும் ‘பெட்’ வரியின்மீதும், குழியைக் குறிக்கும் ‘பிட்’ வரியை ஊடறுத்தும் எழுதப்படும். மெய்கள் ஒன்றாயினும் இடம் உயிரை அறிவித்துவிடுகிறது.

பயிலும் முறை

முதலாவது, கோடுகளின் அளவு. ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும். பிற்பாடங்களில் கோட்டைப் பாதியாக்கினால் ஓர் ஒலி கூடும். இரட்டிப்பாக்கினால் வேறோர் அசை கூடும். தொடக்கத்தில் அளவு சீர்ப்படாதவர் பின்னர்த் தம் எழுத்தைத் தாமே படிக்க இயலாது தவிப்பர்.

இரண்டாவது, திசை. சகர ஒலிக்குரிய கோடு மேலிருந்து கீழிறங்கும். ரகர ஒலிக்குரிய நேர்கோடு கீழிருந்து மேலேறும். தடித்த கோட்டை மேல்நோக்கி எழுதும் வழக்கமே இல்லை.

மூன்றாவது, கருவி. அழுத்தத்திற்கேற்பத் தடிப்பு மாறும் பென்சிலோ, வளையும் முனையுடைய பேனாவோ ஏற்றது. நான்காவது, ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுதல். செவி, நா, கை மூன்றும் ஒருங்கிணையும்வரை விரைவை நாடலாகாது.

முடிவுரை

ஒலிப்பதிவுக் கருவிகளும் பேச்சை எழுத்தாக்கும் கணினிகளும் பெருகிய இக்காலத்திலும், மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் சுருக்கெழுத்தர் பணிக்குத் திறன் தேர்வு நடத்திவருகிறது. அதில் ‘சி’ நிலைக்கு நிமிடத்திற்கு 100 சொற்களும், ‘டி’ நிலைக்கு 80 சொற்களும் எழுதும் விரைவு வேண்டப்படுகிறது. பட்டத்துடன் இக்கலையும் கைவரப்பெற்ற இளைஞருக்கு வேலைவாய்ப்பில் இன்னொரு கதவு திறக்கும். அதனினும் பெரும்பயன் ஒன்று உண்டு: பிறர் சொல்வதை இறுதிவரை, ஓர் ஒலியும் பிசகாமல் செவிமடுக்கும் பண்பு அவரிடம் வேரூன்றும். மாணவச் செல்வங்கள் நாள்தோறும் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கிப் பயின்று பயன்பெறுவார்களாக.