குறுஞ்செய்தியும் மருந்தாகுமா?

நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும் செயலி இன்று பலர் போனில் இருக்கிறது. அதை யாரும் மருந்து என்பதில்லை. ‘டிஜிட்டல் சிகிச்சை’ என்ற பெயரில் வருபவை வேறு ரகம். மாத்திரையைப் போலவே அவையும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுப் பலனைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2017-ல் போதைப் பழக்கத்துக்கான ‘ரீசெட்’ செயலி அனுமதி பெற்றது. ஜெர்மனியில் 2020 முதல் டாக்டர் சீட்டு எழுதினால், செயலிக்கும் காப்பீடு பணம் கட்டுகிறது.

இதற்கெல்லாம் முன்பே, சென்னையில் ஓர் அருமையான சோதனை நடந்தது. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து “சுகர் பார்டர்ல இருக்கு” என்பார்களே, அப்படிப்பட்ட 531 பேரை டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் நான்கு பிரிவாக்கினார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான பொது ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுகளில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபமில்லை: 39.5.

ஆக, உணவு-நடை மாற்றம் மாத்திரைக்குச் சமமாக நின்றது. ஆனால் மாறி மாறி ஷிஃப்ட் பார்ப்பவரிடம் மாதாமாதம் யார் உட்கார்ந்து பேசுவது? அதே ஆய்வாளர் குழு அடுத்து கைபேசியைப் பிடித்தது. வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும், அவரவர் மனநிலைக்கேற்பத் தொடர்ந்து குறுஞ்செய்தி. 2013-ல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுகளில் செய்தி பெறாத 266 பேரில் 73 பேருக்கு நோய் வந்தது. பெற்ற 271 பேரில் 50 பேருக்கு. பட்டன் போன் போதும், செயலிகூட வேண்டாம். பளபளக்கும் பல ‘ஹெல்த் ஆப்’களைவிட இதுதான் சிகிச்சை என்ற பெயருக்குத் தகுதியானது என்பேன்.

ஆனாலும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. விழுங்கிய மாத்திரை நம் மனநிலையைக் கேட்காமல் வேலை செய்யும். படிக்காத செய்தி செய்யாது. இன்னொன்று, மெட்ஃபார்மினைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஆனால் ‘ரீசெட்’டைக் கொண்டுவந்த ‘பேர் தெரப்யூட்டிக்ஸ்’ நிறுவனம் 2023-ல் திவாலானது.

இந்தியாவிலும் 2020 முதல் நோய்க்கான மென்பொருள் மருத்துவச் சாதனங்களின் வரையறைக்குள் வருகிறது. ‘சுகரைக் குறைக்கும்’ என்று விளம்பரம் வந்தால், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள் என்று கேட்கலாம். அந்தக் குறுஞ்செய்தி ஆய்வுக்கும் எல்லை உண்டு. அதில் பெண்களே இல்லை. ஏற்கெனவே நோய் வந்தவர்களும் இல்லை; அவர்கள் குறுஞ்செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்த அந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.