இன்னோர் ஆண்டு காத்திருக்க முடிந்தவர்கள்

மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு, அதாவது நீட், நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைப்பதால் நியாயமானது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வினாத்தாள் ஒன்றாக இருப்பதும் அதற்குத் தயாராகும் வாய்ப்பு ஒன்றாக இருப்பதும் வேறு வேறு என்பது, வெள்ளாற்றங்கரையில் உழவை நம்பியிருக்கும் திட்டக்குடி போன்ற வட்டங்களிலிருந்து பார்க்கையில் தெளிவாகத் தெரியும்.

1984 முதல் நடத்திவந்த தன் நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிட்டுப் பிளஸ் 2 மதிப்பெண்ணையே அளவாகக் கொண்டது. 2017இல் அந்த இடத்தை நீட் பிடித்தது. நீட்டின் தாக்கத்தை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மருத்துவ இடம் பெற்றவர்களில் 'ரிப்பீட்டர்கள்', அதாவது பள்ளி முடித்தபின் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மீண்டும் தேர்வெழுதியவர்கள், 2016-17இல் சுமார் 12 சதவீதமாக இருந்து 2020-21இல் 71 சதவீதமாக உயர்ந்தனர். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் தந்து தவறான விடைக்கு ஒன்றைக் கழிக்கும் 'நெகட்டிவ் மார்க்' முறையில் எந்த வினாவைத் தொடாமல் விடுவது என்பதே மாதிரித் தேர்வுகளை எழுதி எழுதிப் பழக வேண்டிய கலை. அந்தப் பழக்கத்துக்கான கோச்சிங் கட்டணம், விடுதிச் செலவு, அந்த ஓராண்டில் வீட்டுக்கு வராமல் போகும் வருமானம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், இத்தேர்வு அறிவோடு சேர்த்துக் காத்திருக்கும் வசதியையும் அளக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

பழைய முறையும் நேரானதல்ல; நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளில் பிளஸ் 1 பாடத்தையே ஓரங்கட்டி இரண்டாண்டும் பிளஸ் 2 பாடத்தை உருப்போட வைத்த காலத்தில், மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் மிகச் சிலரே. நீட் எதிர்ப்பு மேடைகள் இதை அதிகம் பேசுவதில்லை.

நீட் விலக்குக் கோரும் சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டுவிட்ட நிலையில், நடைமுறையில் கைகொடுப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் சட்டமான 7.5 சதவீத உள் ஒதுக்கீடுதான். திட்டக்குடி மாணவரின் சொந்த மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து 2021இல் அரசு எடுத்துக்கொண்ட மருத்துவக் கல்லூரிக்கும் இவ்வழியே கதவு திறக்கிறது. ஆயினும் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது இதன் பொது நிபந்தனை. அதே ஊரில், அதே பாடநூலை, அதே வறுமையோடு அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவருக்கு இதில் இடமில்லை.