'பாய்காட்' யாருடைய பெயர் தெரியுமா?

'அந்தப் படத்தை பாய்காட் பண்ணுவோம்' என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி பார்க்கிறோம். அந்த 'பாய்காட்' உண்மையில் ஒரு மனிதரின் பெயர்!

1880-ம் ஆண்டு. அயர்லாந்தின் மேயோ பகுதியில், எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்து வந்தவர் சார்லஸ் பாய்காட். விளைச்சல் சரியில்லாததால் குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள் விவசாயிகள். கேட்ட அளவுக்குக் குறைக்கவில்லை. பாக்கி வைத்தவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற நோட்டீஸ் கிளம்பியது.

'அநியாயம் செய்பவரை அடிக்க வேண்டாம், ஒதுக்கிவையுங்கள்' என்பதுதான் அப்போது அயர்லாந்து தலைவர் பார்னெல் காட்டிய வழி. ஊரே அதைச் செய்தது. பாய்காட்டின் வயலுக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர்கள் பொருள் தரவில்லை. வெளியிலிருந்து 50 பேரை வரவழைத்து, ராணுவக் காவலோடு அறுவடை செய்தார்கள். விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு! அந்த டிசம்பரிலேயே பாய்காட் அயர்லாந்தைவிட்டுக் கிளம்பினார். பெயர் மட்டும் வினைச்சொல்லாகத் தங்கிவிட்டது.

பிடிக்காத கடைக்கு நீங்கள் மட்டும் போகாவிட்டால் அது 'அவாய்ட்'. பலர் சேர்ந்து, காரணம் சொல்லி ஒதுக்கினால்தான் 'பாய்காட்'. தமிழில், புறக்கணிப்பு.

ஆயுதம் இல்லாத குத்தகை விவசாயிகளின் ஒற்றுமைதான் அகராதிக்கு இந்தச் சொல்லைத் தந்தது!