மேடுபள்ளமான மனையில் மண் வேலை: சிக்கனமான கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீடு கட்டும் செலவைக் கணக்கிடுவோர் செங்கல், சிமெண்டு, இரும்பு ஆகியவற்றின் விலையை நுட்பமாக விசாரிக்கின்றனர். மனையிலுள்ள மண்ணை எப்படி வெட்டுவது, எங்கே கொட்டுவது, எதைக் கொண்டு நகர்த்துவது என்று விசாரிப்போர் சிலரே. சமதரையில் இந்த அலட்சியத்தால் பெரிய நஷ்டம் நேர்வதில்லை. சரிவான மனையிலோ அஸ்திவாரம் எழும்பும் முன்பே கைப்பணத்தில் ஒரு பகுதி மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அதனினும் கொடிது, கவனமின்றி வெட்டிய மண்சுவர் சரிந்து கூலியாட்கள் அதன் அடியில் அகப்படுவதாகும்.

டில்லி சமவெளி நகரம் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. இது முழு உண்மையன்று. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி இந்நகரத்தின் ஊடே ஓடுகிறது. ‘ரிட்ஜ்’ என்று வழங்கப்படும் அம்மேட்டுநிலம் மோதி பாக்கிற்கு மேற்கே தௌலா குவான் பக்கமாகச் செல்கிறது. தெற்கே இராமகிருஷ்ணபுரத்தில், டில்லித் தமிழர் மலை மந்திர் என வழங்கும் சுவாமிநாதர் ஆலயம் (குடமுழுக்கு 1973) நிற்கும் சிறு குன்றும் இத்தொடரைச் சேர்ந்த பாறை முகடே. மோதி பாக்கின் பெரும்பகுதி அரசாங்க ஊழியர் குடியிருப்பாயினும், அதைச் சூழ்ந்த பகுதிகளில் தனியார் மனைகளும் பள்ளி வளாகங்களும் பல உள்ளன. இங்கே நிலத்தின் மேல்பகுதி வண்டலும் நுண்மணலும் கலந்த மஞ்சள் நிற மண். இடையிடையே சுண்ணாம்புக் கங்கர் உருண்டைகள் கிடைக்கும். ரிட்ஜை நெருங்க நெருங்க, சில இடங்களில் ஒரு முழம் தோண்டுமுன்பே குவார்ட்சைட் பாறை தட்டுப்படும். மண்வெட்டி போதுமா, எந்திரம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இப்பாறை எத்தனை ஆழத்தில் உள்ளது என்பதைப் பொறுத்ததே. ஆகவே, கருவியைத் தேடும் முன் மனையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் கடப்பாரையால் குழி இறக்கிப் பார்த்தல் முதற்கடமை. இதற்கு அரைநாள் கூலிக்கு மேல் ஆகாது.

பாறை எத்தகைய வேலை வாங்கும் என்பதற்கு டில்லியின் சரித்திரமே சான்று. 1931-இல் திறந்து வைக்கப்பட்ட புது டில்லியின் நிர்மாணத்தின்போது ரெய்சினா குன்றின் உச்சியை வெடி வைத்துத் தகர்த்தே சமமாக்கினர். கல்லையும் மண்ணையும் கொண்டுசெல்ல வேலைத்தலத்துக்கென்றே சிறு ரயில்பாதையும் அமைத்தனர். வீட்டு மனைக்கு வெடியும் ஆகாது, ரயிலும் ஆகாது. எனினும், மண்ணை வெட்டுவதைவிட அதை நகர்த்துவதே பெரிய செலவு என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

எவ்வளவு மண்?

சிக்கனமான கருவி எது என்பதற்கு முந்திய கேள்வி, எவ்வளவு மண்ணை நகர்த்தாமலே தப்பலாம் என்பது. 20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடைய ஒரு மனை, நீளவாட்டில் 2 மீட்டர் சரிந்து இறங்குவதாகக் கொள்ளலாம். முழு மனையையும் ஒரே மட்டமாக்குவதாயின், மேற்பாதியில் வெட்டிக் கீழ்ப்பாதியில் நிரப்ப வேண்டும். வெட்டும் பகுதி 10 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட முக்கோணம். அதன் பரப்பு 5 சதுர மீட்டர். 12 மீட்டர் அகலத்திற்கு 60 கனமீட்டர் மண். இதையே இரண்டு படிகளாக அமைத்தால் ஒவ்வொரு படியிலும் 15 கனமீட்டர், ஆக 30 கனமீட்டரே வெட்ட நேரிடும். மண் செல்லும் சராசரித் தூரமும் ஏறத்தாழ 13 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்குக் குறைகிறது. பாதி மண் பாதித் தூரம் செல்வதால், சுமக்கும் வேலை நாலில் ஒன்றாகிறது.

படிகள் அமைத்தால் தடுப்புச்சுவர் செலவு கூடுமே என்ற ஆட்சேபம் எழலாம். மேற்கண்ட மனையில் ஒரே மட்டமாக்கினாலும் மேற்கோடியில் 1 மீட்டர், கீழ்க்கோடியில் 1 மீட்டர் என இரு சுவர்கள் தேவை. இரு படிகளாயின் மேலே அரை மீட்டர், நடுவே 1 மீட்டர், கீழே அரை மீட்டர். மொத்த உயரம் இரண்டிலும் ஒன்றே. சுவரின்மீது மண் செலுத்தும் மொத்த அழுத்தமோ உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. எனவே குட்டையான சுவர்கள் பலவாக இருப்பதே இலாபம்.

இந்த அளவெடுப்புக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தர்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர்க் குழாயும், அளவுக்கோடிட்ட இரு கழிகளும் போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால், கழிகளில் காணும் அளவுகளின் வித்தியாசமே நிலத்தின் ஏற்றத்தாழ்வு. குழாயினுள் காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி வளாகத்தையே இவ்வாறு அளந்து வரைபடம் தயாரிக்கலாம். மோதி பாக்கில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உள்ளது; அத்தகைய பள்ளிகளின் கணக்காசிரியர்களுக்கு முக்கோணத்தின் பரப்பையும் கனஅளவையும் கற்பிக்க இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. வெட்டிய மண் உப்பும். சாதாரண மண் ஏறத்தாழ கால் பங்கு அதிகமாகும். உடைத்த பாறை பாதிப் பங்கிற்கு மேலும் பெருகும். நிலத்தில் 30 கனமீட்டராயிருந்தது வண்டியில் 37 அல்லது 38 கனமீட்டராகிவிடும். லாரிக் கணக்கில் மண் வெளியேற்றுவோர் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

கைக்கருவிகள்

மண்வெட்டி, கடப்பாரை, குந்தாலி, இரும்புச் சட்டி ஆகியவை எங்கும் கிடைப்பவை. தமிழ்நாட்டில் பாண்டுச் சட்டி எனப்படுவதே டில்லியில் தஸ்லா. சாதாரண மண்ணில் ஓர் ஆள் நாளொன்றுக்கு 2 முதல் 3 கனமீட்டர் வரை வெட்டலாம். அதைச் சுமந்து கொட்ட மற்றோர் ஆள் வேண்டும். ஆகவே ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் முதல் ஓர் ஆள்நாள் செலவாகும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் மண் வெட்டும் இனம் 50 மீட்டர் தூரத்தையும் 1.5 மீட்டர் ஏற்றத்தையும் உள்ளடக்கியது. இவற்றைத் தாண்டினால் கூலி தனி. சரிவு மனையில் ஏற்றமே முதலில் எல்லை கடக்கும் என்பதைக் களப் பணியாளர் அறிவர்.

வெட்டாத ஒரு கனமீட்டர் மண் ஏறத்தாழ 1,600 கிலோகிராம் எடையுள்ளது. தலைச்சுமையாக ஒரு சட்டியில் 20 கிலோகிராம் எடுத்தால் 80 நடை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் 80 கிலோகிராம் ஏற்றினால் 20 நடை. டில்லியின் கட்டிடத் தலங்களில் இன்றும் பெண்கள் சட்டியைத் தலையில் ஏற்றிச் சாரமேறுவதைக் காணலாம். நாள் முழுதும் கழுத்தெலும்பில் இறங்கும் அச்சுமைக்கு எந்தக் கணக்கேட்டிலும் விலை போடப்படுவதில்லை. நல்ல தள்ளுவண்டி ஒன்றின் விலை சில ஆள்நாட்களின் கூலியே; அதை வாங்காமல் விடுவதைச் சிக்கனம் என்று கூற இயலாது.

தள்ளுவண்டியைத் தேர்ந்தெடுக்கையில் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரமும், சுமையின் பெரும்பகுதி சக்கரத்தின்மேல் விழும் அமைப்பும் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இளகிய மண்ணில் பலகை விரித்துப் பாதை அமைத்தால் வேலை இரட்டிப்பாகும். பாதையின் சரிவு பத்துக்கு ஒன்றாயின், வண்டியுடன் 120 கிலோகிராம் எடையை மேலேற்ற 12 கிலோகிராம் விசை கூடுதலாக வேண்டும். ஆறுக்கு ஒன்றாயின் 20 கிலோகிராம். இதைத் தனியாள் நெடுநேரம் தள்ள முடியாது. ஆகையால் மண் எப்போதும் கீழ்நோக்கியே செல்லுமாறு வேலையைத் திட்டமிட வேண்டும். செங்குத்தான சரிவில் தகரத்தை வளைத்துச் சரிவுத்தொட்டி அமைத்தால் காய்ந்த மண் தானே வழுக்கி இறங்கும், ஈரமண் ஒட்டிக்கொள்ளும்.

கழுதைகளின் முதுகில் மண் கொண்டுசெல்லும் வழக்கம் டில்லிச் சுற்றுப்புறத்தில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. சக்கரம் உருளாத குறுகிய சந்துகளுக்கு அது ஏற்றது. எருது பூட்டி இழுக்கும் பரம்புப் பலகையைப் பஞ்சாப், அரியானா உழவர்கள் கராஹா என்பர். திறந்த நிலத்தில் அது நன்கு பயன்படும். மதிற்சுவர் சூழ்ந்த நகர மனையில் எருது திரும்பவும் இடமிராது.

எந்திரங்கள்

பின்புறம் தோண்டும் கையும் முன்புறம் அள்ளும் வாளியும் கொண்ட எந்திரத்தை மக்கள் ஜே.சி.பி. என்றே அழைக்கின்றனர். இது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் நிறுவிய கம்பெனியின் பெயர். இந்தியாவில் இவ்வெந்திரம் 1979 முதல் டில்லிக்கு அண்மையிலுள்ள பல்லப்கட்டில் தயாராகிறது. இதே போல, பொக்லைன் என்று தமிழ்நாட்டில் வழங்கும் சொல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரே. ஜே.சி.பி. வகை எந்திரம் ஏழரை டன் அளவு எடையுள்ளது. அகலம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். தன் சக்கரத்திலேயே சாலையில் ஓடி வருவதால் ஏற்றிவரும் செலவில்லை. சாதாரண மண்ணில் மணிக்கு 20 கனமீட்டரும் அதற்கு மேலும் தோண்டும். சங்கிலிப் பட்டையில் ஊரும் பொக்லைனை வேறொரு லாரியில் ஏற்றியே கொண்டுவர வேண்டும். சிறு மனைக்கு அது பெரும்பாலும் மிகை.

எந்திரத்தை விலைக்கு வாங்குவது தனி மனைக்காரருக்குப் பொருந்தாது, வாடகையே வழி. வாடகைக்காரர்கள் குறைந்தபட்ச மணிக்கணக்கு ஒன்றை வைத்திருப்பர். அந்தக் குறைந்தபட்சத் தொகையும் வந்துபோகும் செலவும் சேர்ந்து எத்தனை ஆள்களின் ஒருநாள் கூலிக்குச் சமம் என்று பார்க்க வேண்டும். பத்து ஆள்களின் கூலிக்குச் சமமாயின், ஏறத்தாழ 12 கனமீட்டருக்கு மேற்பட்ட வேலைக்கு எந்திரமே மலிவு. நமது உதாரண மனையின் 30 கனமீட்டரை எந்திரம் இரண்டு, மூன்று மணியில் முடித்துவிடும். ஓரங்களைச் சீராக்க இரு ஆள்கள் ஒருநாள் போதும்.

ஆயினும் கணக்கு மட்டும் முடிவு செய்யாது. மூன்று மீட்டர் அகல வாயில் இல்லாவிடில் எந்திரம் உள்ளே வராது. பக்கச்சரிவில் நின்று வாளியைத் தூக்கும் சக்கர எந்திரம் கவிழக்கூடும். அண்டை வீட்டுச் சுவரின் ஓரத்தில் ஏழரை டன் எடை நிற்பதே ஆபத்து. அத்தகைய இடங்களில் 1.5 முதல் 3 டன் எடையுள்ள சிறு தோண்டி எந்திரம் கிடைத்தால் நலம். கிடைக்காத ஊர்களில் பவர் டில்லருடன் இழுவைப்பெட்டி இணைத்து மண் கடத்தலாம். வேளாண்மைத் தொழிலில் அது தென்னாட்டாருக்குப் பழகிய எந்திரம்.

மலைப்பகுதிகளில் வேறொரு தடையும் உண்டு. நீலகிரியில் 2009 நவம்பரில் பெய்த கனமழையால் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாவட்டத்தில் மண் தோண்டும் எந்திரங்களை இயக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. எந்திரம் மலிவாக வேலை செய்வதாலேயே, தேவைக்கு மேல் செங்குத்தாக வெட்டிவிடும் ஆசை பிறக்கிறது. மண்வெட்டிக்கு அந்த ஆசை வருவதில்லை!

காவலும் காலமும்

மண் வேலையில் உயிரிழப்புக்குக் காரணமாகும் பழக்கம் ஒன்றைத் தலத்திலுள்ளோர் கண்டிப்புடன் தடுக்க வேண்டும். சுவர்போல் நிற்கும் மண்ணின் அடியைக் குடைந்து, மேல்மண் தன் எடையால் தானே விழச் செய்வது அது. வேலை விரைவதுபோல் தோன்றும். விழும் நேரத்தை எவரும் நிர்ணயிக்க முடியாது. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது என்பதை எண்ணினால், மார்பளவு புதைந்தவருக்கு மூச்சு விடவும் இயலாமற் போவது ஏன் என்பது விளங்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3764-இன்படி 1.5 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திற்குப் பலகைகளால் முட்டுக்கொடுத்தல் வேண்டும். தோண்டிய மண்ணையும் விளிம்பிலிருந்து விலக்கியே குவிக்க வேண்டும்.

டில்லியின் வண்டல் மண் கோடையில் செங்கல்லைப்போல் இறுகி நிற்கும். நனைந்ததும் இளகிச் சரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழைக்கு முன்பே வெட்டுவேலையும் தடுப்புச்சுவரும் முடிந்திருக்க வேண்டும். வெட்டத் தொடங்குமுன் மனையின் மேற்புறத்தில் நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் ஒன்று தோண்டுதல் நல்லது. குளிர்காலத்தில் வேறு சிக்கல். காற்றின் மாசு கடுமையாகும் நாட்களில் அரசு அறிவிக்கும் படிமுறைத் திட்டத்தின் மூன்றாம் படியில் தோண்டுதலும் நிரப்புதலும் தடை செய்யப்படுகின்றன. வாடகை எந்திரம் வாயிலில் நிற்கையில் தடை வந்தால் முன்பணம் போனதே. எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே டில்லியில் சிறந்தது. மண்ணும் அப்போது மிதமான ஈரத்துடன் வெட்ட இசைவாயிருக்கும்.

நிரப்பும் இடத்தில் முதலில் புல்லோடு கூடிய மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்திற்கு எடுத்துத் தோட்டத்திற்கென ஒதுக்கி வைத்து, சரிவைப் படிப்படியாகக் கொத்தியபின் நிரப்ப வேண்டும். வழுவழுப்பான சரிவின்மேல் கொட்டிய மண் மழையில் அப்படியே நழுவும். 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். எந்திரத்தால் ஒரே மூச்சில் கொட்டிய மண் மேலே இறுகி உள்ளே பொள்ளலாயிருக்கும். அதன்மேல் வீட்டின் அஸ்திவாரம் வருதல் கூடாது. வெட்டிய பகுதியின் இயற்கை மண்ணிலேயே சுவர் எழும்ப வேண்டும். தோண்டுகையில் கிடைக்கும் குவார்ட்சைட் கற்களை விலை கொடுத்து வெளியேற்றுவோர் உண்டு. அவற்றையே அடுக்கிப் படிகளின் தடுப்புச்சுவரைக் கட்டி, பின்னால் உடைகல் நிரப்பி, நீர் வடிய ஓட்டைகள் விட்டால், வண்டிச் சத்தமும் மிச்சம், கல்லின் விலையும் மிச்சம்.